சுடோக்கு போட்டும் பெயர் மறக்கிறதே, ஏன்?

வாசகியின் கடிதம் ஆறு பக்கம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 61. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து, மூன்று வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றவர். மூளை துருப்பிடித்துவிடக் கூடாது என்று ஓய்வு பெற்ற வாரத்திலேயே சுடோக்கு போட ஆரம்பித்திருக்கிறார். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. சில நாள் ராத்திரி ஒரு மணியைத் தாண்டிவிடுமாம். ஆரம்பத்தில் கடினமான கட்டம் ஒன்றை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, இப்போது பத்து நிமிடத்தில் முடிக்கிறார். அப்படியிருந்தும் போன மாதம் ஒரு விழாவில், பன்னிரண்டு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த தோழியின் பெயர் வாயில் வரவில்லை. அலமாரியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பதும் அடிக்கடி நடக்கிறது.

இவருடைய அம்மாவுக்கு 76 வயதில் மறதிநோய் வந்தது. கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான். மகள் கைப்பேசியில் மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுக்க, அது முதல் நாளே "உங்கள் மூளையின் வயது 70" என்று காட்டிவிட்டது. வருடச் சந்தா கட்டிவிடலாம் என்கிறார் மகள். தெரிந்தவர் ஒருவர் செஸ்தான் சிறந்தது என்கிறார், இன்னொருவர் புது மொழி கற்கச் சொல்கிறார். கணவரோ "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று சிரிக்கிறார்.

கடிதத்தோடு ஒரு கால அட்டவணையும் இருந்தது. சுடோக்கு, செஸ், மொழி, செயலி, மனப்பாடம். ஒவ்வொன்றும் தினமும் அரை மணி. "சின்ன வயதில் ஓவியம் வரைய ஆசை இருந்தது. ஆனால் எனக்கு எது பிடிக்கும் என்பது இப்போது முக்கியமில்லை. அம்மாவுக்கு வந்தது எனக்கு வராமல் இருந்தால் போதும். இந்த வரிசை சரியா? எதற்கு அதிக நேரம் தர வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

உங்கள் அட்டவணையை இரண்டு முறை படித்தேன். மாத்திரைச் சீட்டு மாதிரி இருந்தது. பொழுதுபோக்கு என்ற பெயரில் நீங்கள் என்னிடம் கேட்பது தடுப்பூசி. பெற்ற தாயை அந்த நிலையில் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவருக்கு இந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் பயத்தைப் பற்றி முதலில் பேசிவிட்டு, அப்புறம் பொழுதுபோக்குக்கு வருகிறேன்.

தோழியின் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தானாக வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் அழிந்துபோகவில்லை, எடுக்கத்தான் நேரமாகியிருக்கிறது. ஆட்களின் பெயர்தான் வயதாக ஆக முதலில் தாமதமாகிற விஷயம். ஒருவர் என்ன வேலை பார்த்தார், எப்படிச் சிரிப்பார் என்பதெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றைப் பிடித்தால் மற்றது வரும். பெயர் மட்டும் தனியாக ஒட்டவைத்த சீட்டு. அலமாரி முன்னால் நிற்பதும் அப்படித்தான். நடந்து வரும்போது மனம் வேறு எதையோ நினைத்திருக்கும், வந்த காரணம் நழுவிவிடும். இது எனக்கும் வாரத்தில் நாலு நாள் நடக்கிறது.

நான் கவலைப்படுகிற மறதி வேறு மாதிரி இருக்கும். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை கேட்பது, கேட்டோம் என்பதே நினைவில்லாமல் இருப்பது. தினமும் போகிற வழி தப்பிப்போவது. வருடக்கணக்காகச் செய்த வேலையில் நடுவில் ஒரு படி காணாமல் போவது. இவற்றைப் பெரும்பாலும் கூட இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். உங்கள் கடிதத்தில் இதெல்லாம் இல்லை. இதை வைத்து நான் சான்றிதழ் தர முடியாது, ஒரு கடிதம் பரிசோதனை ஆகாது. மனசு ஆறவில்லை என்றால் ஒரு மருத்துவரிடம் முறையாக நினைவாற்றல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்போது தைராய்டு, பி12, தூக்கம், மனச்சோர்வு, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இவற்றில்தான் ஒளிந்திருக்கும்.

அம்மாவுக்கு வந்தது மகளுக்கு வந்தே தீரும் என்பது தவறான எண்ணம். பெற்றோரில் ஒருவருக்கு முதுமையில் மறதிநோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும், அவ்வளவுதான். ஒரே மரபணு தலையெழுத்தைத் தீர்மானித்துவிடுகிற வகை மிக அரிது. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். உங்கள் அம்மாவுக்கு வந்தது 76-ல்.

சுடோக்கு என்ன கற்றுக்கொடுத்தது?

முக்கால் மணி நேரம் பத்து நிமிடமாகக் குறைந்ததற்கு என்ன காரணம்? மூளையின் குதிரைசக்தி கூடிவிட்டது என்று நினைக்கிறீர்கள். நடந்தது வேறு. ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களுக்கு 3, 8 என்ற இரண்டே எண்கள்தான் பொருந்தும் என்றால், அந்த வரிசையின் மற்ற கட்டங்களில் 3-ஐயும் 8-ஐயும் யோசிக்கவே தேவையில்லை. முதல் மாதத்தில் இதை நீங்கள் தடுமாறித் தடுமாறிக் கண்டுபிடித்திருப்பீர்கள். இப்போது பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படுகிறது. இது மாதிரி இருபது முப்பது தந்திரங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. நீங்கள் சுடோக்குவில் தேர்ந்துவிட்டீர்கள். தோழியின் பெயருக்கும் இந்தத் தேர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1980-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கல்லூரி மாணவரைப் பற்றி எழுதினார்கள். வினாடிக்கு ஓர் எண் வீதம் அவரிடம் வாசிப்பார்கள்; முடிந்ததும் அதே வரிசையில் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரையும் போல ஏழு எண் வரைதான் சொன்னார். சுமார் இருபது மாதப் பயிற்சிக்குப் பிறகு 79 எண்களைத் திருப்பிச் சொன்னார். அவர் ஓட்டக்காரர். எண்களை ஓட்டப் பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டார். 3492 என்று வந்தால் அவருக்கு அது 3 நிமிடம் 49.2 வினாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனைக்குப் பக்கத்தில் வரும் நேரம். சரி, இவ்வளவு பெரிய நினைவாற்றல் வந்துவிட்டதே என்று எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை வாசித்தார்கள். மனிதர் ஆறு எழுத்துக்கு இறங்கிவிட்டார். அவரிடம் வளர்ந்தது எண்களைப் பிடித்துவைக்கும் வித்தை மட்டும்தான்.

ஒரே மாணவரை வைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1998-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், 65 வயதைத் தாண்டிய சுமார் 2,800 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு நினைவுப் பயிற்சி, ஒன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, இன்னொன்றுக்குப் பார்வை வேகப் பயிற்சி கொடுத்தார்கள். நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. எந்தக் குழு எதைப் பழகியதோ அதில் முன்னேறியது. தர்க்கம் பழகியவர்களுக்கு நினைவாற்றல் கூடவில்லை, நினைவு பழகியவர்களுக்கு வேகம் கூடவில்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் தர்க்கம், வேகம் பழகியவர்களுக்கு அந்தந்தத் திறமையில் பலன் மிச்சமிருந்தது, அது நல்ல செய்தி. வேகப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் குறைவாக வந்ததாகவும் ஒரு பகுப்பாய்வு சொன்னது. ஆனால் அது திரையில் மின்னி மறையும் பொருள்களைப் பிடிக்கிற பயிற்சி. அதை வைத்துச் சுடோக்குவுக்கோ மற்ற விளையாட்டுகளுக்கோ சீட்டு எழுத முடியாது.

அதற்காகச் சுடோக்குவை விட்டுவிடச் சொல்லவில்லை. பிடித்திருந்தால் போடுங்கள், அதில் கிடைக்கும் அமைதிக்கும் மதிப்பு உண்டு. ஆனால் பயிற்சிக் கணக்கில் அதை எழுதாதீர்கள். கை தானாக ஓடுகிற இடத்தில் மூளை ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி ஒரு மணிக் கணக்கை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பகலில் கற்றதை மூளை பதித்துவைப்பது தூக்கத்தில்தான். மூளையைக் காப்பாற்ற வேண்டும் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைப் போன்ற முரண் வேறில்லை.

செயலி சொன்ன 70

அந்தச் செயலி உங்கள் மூளையைப் பார்க்கவில்லை. கண்ணாடித் திரையில் எவ்வளவு வேகமாக விரலால் தட்டினீர்கள் என்று பார்த்தது. முதல் நாள், பழக்கமில்லாத விளையாட்டு, பக்கத்தில் நின்று பார்க்கும் மகள். 70 காட்டாமல் என்ன காட்டும்? இரண்டு வாரம் ஆடினால் 62 காட்டும், நீங்கள் எட்டு வயது குறைந்துவிட்டதாகச் சந்தோஷப்படுவீர்கள். அதுவும் எண்களைத் திருப்பிச் சொன்ன அந்த மாணவர் கதைதான்.

2016-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற ஒரு பெரிய நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. இந்த விளையாட்டுகள் முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாகக் குற்றச்சாட்டு. நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. மகளின் அன்பைக் குறை சொல்லவில்லை, அவர் பயம் அவருக்கு. ஆனால் சந்தா கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: வருடம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துப் பணம் எடுக்கிறதா, இடையில் நிறுத்தினால் திரும்பக் கிடைக்குமா, உங்கள் மறதி மதிப்பெண்களை யாரிடமாவது பகிர்ந்துகொள்ள நீங்கள் சம்மதித்ததாக எங்காவது எழுதியிருக்கிறதா. என்னைக் கேட்டால் கட்ட வேண்டாம் என்பேன்.

செஸ் ஆடுபவர்களுக்கு மறதி வராதா?

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2003-ல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் கவனித்தார்கள். படிப்பவர்கள், பலகை விளையாட்டு ஆடுபவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், நடனம் ஆடுபவர்கள் ஆகியோருக்கு மறதிநோய் குறைவாக வந்திருந்தது. செய்தி காற்றில் பறந்து வரும்போது "செஸ் ஆடினால் வராது" என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மறதிநோய் வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளைக்குள் ஆரம்பித்துவிடுகிறது. அந்த ஆரம்பக் கட்டத்தில் மனிதர்கள் தங்களுக்கே தெரியாமல் கடினமான பொழுதுபோக்குகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார்கள். ஆட்டம் சலித்துவிட்டது என்பார்கள், கதாபாத்திரங்கள் குழப்புகிறார்கள் என்று புத்தகத்தை மூடுவார்கள். ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தால் "செஸ் ஆடாதவர்களுக்கு நோய் வந்தது" என்று தெரியும். உண்மையில் நோய் வந்ததால் செஸ் நின்றிருக்கலாம். ஆய்வாளர்களும் இதைக் கணக்கில் எடுக்கப் பார்க்கிறார்கள், ஆனால் முழுதாகப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

அப்படியானால் எல்லாம் வீண் வேலையா? இல்லை. இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்த ஆய்வுகளில் ஒரு விசித்திரம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. நோயின் தடயங்கள் நிறைய இருந்தும், உயிரோடு இருந்தவரை தெளிவாகவே நடமாடிய மனிதர்கள் இருந்தார்கள். படிப்பு, சவாலான வேலை, வாழ்நாள் முழுக்க மூளைக்குக் கிடைத்த விதவிதமான தீனி ஆகியவை ஒரு சேமிப்பாக நிற்கின்றன, ஒரு பாதை அடைபட்டால் மூளை மாற்றுப் பாதையில் போகிறது என்று விளக்குகிறார்கள். இதை 'அறிவுச் சேமிப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் உட்கார்ந்த உங்களுக்கு அந்தச் சேமிப்பு ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. பொழுதுபோக்கு அதில் இன்னும் கொஞ்சம் போடலாம். உத்தரவாதம் யாராலும் தர முடியாது. தருகிறேன் என்பவர் எதையோ விற்கிறார்.

ஐம்பதில் வளையுமா?

உங்கள் கணவருக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். 2004-ல் ஜெர்மனியில் மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை இளைஞர்களுக்கு மூன்று மாதம் பழக்கி, மூளையைப் படம் எடுத்தார்கள். அசைவுகளைக் கண்ணால் தொடரும் பகுதி சற்றுத் தடித்திருந்தது. மூன்று மாதம் பழகாமல் விட்டதும் பழையபடி சுருங்கத் தொடங்கியது. 2008-ல் சராசரியாக 60 வயதுள்ளவர்களிடம் அதையே செய்து பார்த்தார்கள். இளைஞர்கள் அளவுக்கு லாவகம் வரவில்லை, பந்துகள் நிறையவே கீழே விழுந்தன. ஆனால் மூளையில் மாற்றம் தெரிந்தது. ஐம்பதில் வளையும், கொஞ்சம் கிறீச்சிட்டுக்கொண்டு வளையும்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 60 முதல் 90 வயதுவரை உள்ள 221 பேர். சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலையைப் புதிதாகக் கற்றார்கள், சிலர் துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கக் கற்றார்கள், சிலர் இரண்டையும். மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம். இன்னொரு குழு கூடிப் பேசிச் சிரித்துப் பொழுதுபோக்கியது, ஆனால் புதிதாக எதையும் கற்கவில்லை. வேறொரு குழு வீட்டிலிருந்தே வார்த்தை விளையாட்டு மாதிரியான பழகிய வேலைகளைச் செய்தது. முடிவில் நினைவாற்றல் கூடியது புதிதாகக் கற்றவர்களுக்குத்தான். நீங்கள் மூன்று வருடமாக இருப்பது அந்தக் கடைசிக் குழுவில்.

எனவே எந்தப் பொழுதுபோக்கு என்பதைவிட, அதில் நீங்கள் கத்துக்குட்டியா என்பதுதான் கேள்வி.

ஓவியத்தை எடுங்கள்

உங்கள் ஆறு பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் ஆசையோடு எழுதப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே "எது பிடிக்கும் என்பது முக்கியமில்லை" என்று அடித்தும்விட்டீர்கள். அங்கேதான் நான் உங்களோடு முரண்படுகிறேன். பிடிப்பதுதான் முக்கியம், அதுவும் மருத்துவக் காரணத்துக்காகவே. பலன் வர மாதக்கணக்காக, தினமும் கொஞ்சம் தோற்றுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். பிடிக்காத விஷயத்தில் தோற்றுக்கொண்டே உட்கார யாராலும் முடியாது. மூன்றாவது வாரமே எழுந்துவிடுவோம்.

ஓவியத்தில் மூளைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இன்று சாயங்காலம் ஒரு கோப்பையை மேஜைமேல் வைத்து வரைந்து பாருங்கள். வாய் வட்டம் என்று உங்களுக்குத் 'தெரியும்', அதனால் கை வட்டமாகவே வரையும். அடிப்பாகம் மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருப்பதும் தெரியும், அதனால் கீழே ஒரு நேர்கோடு. வரைந்து முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால், மேலிருந்து பார்த்த வாயும் பக்கவாட்டில் பார்த்த அடியும் ஒட்டிக்கொண்ட ஒரு பண்டம் இருக்கும். திரும்பவும் கோப்பையைப் பாருங்கள். வாய் ஒரு தட்டை முட்டை வடிவம். அடியும் வளைந்துதான் இருக்கிறது, வாயைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளைந்திருக்கிறது. ஏன் அதிகம்? கண் மட்டத்திலிருந்து அது இன்னும் கீழே இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் அந்த அரை நிமிடம்தான் பயிற்சி. கண் கோப்பையை விட்டுக் காகிதத்துக்கு வருவதற்குள் வடிவத்தை மனதில் பிடித்திருக்க வேண்டும், அளவு ஒப்பிட வேண்டும், தெரிந்ததை ஒதுக்கிவிட்டுத் தெரிவதை நம்ப வேண்டும், தப்பை அழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். சுடோக்குவில் இப்போது உங்களுக்கு இப்படிப்பட்ட அரை நிமிடம் ஒன்றாவது வருகிறதா?

செஸ்ஸும் மொழியும் கெட்டவை இல்லை. செஸ் ஆட ஆசை வந்தால் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எங்கே கோட்டை விட்டோம் என்று இருவரும் காய்களைத் திரும்ப வைத்துப் பார்ப்பதில்தான் பாதிப் பலன். மொழியைப் பொறுத்தவரை, செயலியில் தொடர்ந்து நூறு நாள் என்று பதக்கம் வாங்கியவர்கள் ஒருவரிடம் நாலு வாக்கியம் பேசத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பேச ஆள் கிடைத்தால் எடுங்கள். மனப்பாடப் பயிற்சியை அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள், யாரும் அழமாட்டார்கள்.

ஐந்தையும் அரை அரை மணி செய்யாதீர்கள். எதிலும் தொடக்கக் கட்டத்தைத் தாண்டமாட்டீர்கள், தினமும் ஐந்து முறை தோற்ற அலுப்புத்தான் மிஞ்சும். ஒன்றை எடுத்து, வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு மணி நேரம், மூன்று மாதம். வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேரோடு சேர்ந்து வரையும் இடம் இருந்தால் போங்கள். பக்கத்தில் இருப்பவர் வரைந்ததைப் பார்த்து "இந்த நிழல் எப்படி வந்தது?" என்று கேட்பதும் பயிற்சிதான். கஷ்டத்தின் அளவுக்கு என் கணக்கு இது: ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு, அதில் ஒன்றையாவது நீங்களே தீர்த்தால் சரியான அளவு. எங்குமே மாட்டவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள், கோப்பையிலிருந்து கைக்கு, கையிலிருந்து முகத்துக்கு. அழுகை வருகிற அளவுக்கு மாட்டினால் ஒரு படி இறங்குங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் காது

உங்கள் கடிதத்தின் நாலாவது பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு வரி இருக்கிறது. "வீட்டில் எல்லோரும் இப்போது முணுமுணுத்தே பேசுகிறார்கள். டிவி சத்தம் கூட்டினால் சண்டை. அதனால் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதையே குறைத்துவிட்டேன், என் சுடோக்குவே எனக்கு நிம்மதி." இதை நீங்கள் குடும்பக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் ஆறு பக்கத்திலும் முக்கியமான வரியாகப் பட்டது. வீட்டில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் முணுமுணுக்க ஆரம்பிக்கமாட்டார்கள் அம்மா.

2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம், மறதிநோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அத்தனையையும் கவனித்தால் உலகில் சுமார் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்றது. நடுவயதில் வரும் காது மந்தம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடலசைவு இல்லாமை, மனச்சோர்வு, தனிமை, திருத்தப்படாத பார்வைக் குறைபாடு எல்லாம் இருக்கின்றன. தினமும் வேர்க்க நடப்பதைப் பற்றி உங்கள் அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை, ஓர் அரை மணியை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

காது சரியாகக் கேட்காதபோது, பாதி வார்த்தையை ஊகித்து நிரப்புவதிலேயே மூளை களைத்துப்போகிறது. சொன்ன விஷயத்தைப் பதிப்பதற்கு மிச்சம் இருப்பதில்லை. அப்புறம் "சொன்னேனே, மறந்துவிட்டாயா?" என்பார்கள். மறக்கவில்லை, உள்ளேயே போகவில்லை. கூச்சத்தில் ஆட்களைத் தவிர்க்கிறோம், தனிமை வந்து சேர்கிறது. காதுக் கருவி மாட்டினால் மறதிநோய் வராது என்று அளந்துவிடமாட்டேன். 70 வயதுக்கு மேற்பட்ட 977 பேரை வைத்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்தவர்களிடம் சரிவின் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அது எப்படியோ போகட்டும், மற்றவர்கள் பேசுவது கேட்கும் என்பதே போதுமான காரணம் இல்லையா? இந்த வாரமே காது மருத்துவரிடம் கேட்கும் திறன் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். சில சமயம் காரணம் வெறும் காதுக் குறும்பியாகவும் இருக்கும். ஓவிய வகுப்பு, செஸ் கூட்டாளி, புது மொழி எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக நடக்கும்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி எழுதி, பாதி அழித்திருந்தீர்கள்: "மாட்டிக்கொண்டால் பின்பக்க விடையைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் மூளைக்குப் பலன் போய்விடுமா?" தாராளமாகப் பாருங்கள். ஆனால் ஒரே ஒரு கட்டத்தின் எண்ணைப் பார்த்ததும் புத்தகத்தைத் திருப்பிவிடுங்கள். அந்த இடத்தில் 6 ஏன் வந்தது, ஏன் 2 வரவில்லை என்று தெரியும்வரை அதைக் கட்டத்தில் எழுத வேண்டாம். அன்றைக்கு அந்த ஒரு கட்டத்தை மட்டும் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.